அஸ்தமனம் பார்க்காமல் போகக் கூடாது

ஒரு தேங்காய் விழுந்ததில்தான் எல்லாம் ஆரம்பமானது.

வெகு காலத்துக்கு முன்னால், அந்தத் தீவைச் சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் தென்னை மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மரம் தன் பாட்டுக்கு ஒரு காயை நழுவவிட்டது. அவர் தலையில் விழவில்லை. பக்கத்தில் வைத்திருந்த ஜூஸ் டம்ளரில் விழுந்தது. ஊருக்குத் திரும்பிப் போன மனிதர், தென்னை மரத்தில் தேங்காய் இருக்கும் என்று தன்னிடம் யாருமே சொல்லவில்லை என்று புகார் எழுதினார். நியாயம்தானே. யாரும் சொல்லத்தான் இல்லை.

அதற்காக ஒரு குழு போட்டார்கள். குழு வளர்ந்து வாரியமாயிற்று. விருந்தினர் நல ஆலோசனை வாரியம் என்று பெயர். தேங்காய்க்கு ஓர் அதிகாரி, வெயிலுக்கு ஓர் அதிகாரி, கொசுவுக்கு ஒரு துணை அதிகாரி, அலைக்கு மட்டும் இரண்டு பேர்: ஒருவர் வருகிற அலைக்கு, ஒருவர் திரும்பிப் போகிற அலைக்கு. இப்போது தீவில் தேங்காயைவிட ஆலோசகர்கள் அதிகம் என்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்ததில்லை. விழுகிறதை எண்ணலாம், மேலே தொங்கிக்கொண்டிருப்பதை எண்ணுவது கஷ்டம்.

இந்த வாரியத்தின் கையில் ஒரு நாள் காலை ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் அகப்பட்டார்.

மெக்கானிக் அந்தத் தீவிலேயே பிறந்தவர். தாயில்லாப் பிள்ளை. விருந்தினர் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் துவைத்தே அவரை ஆளாக்கியவள் அவருடைய அக்கா. மீசை முளைத்ததும் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனார். போன நாட்டில் அடுத்தவர் வீட்டுக் குளிரை ரிப்பேர் செய்தார். வேலை நிலைக்க வேண்டும் என்று அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டையே வாங்கிக்கொண்டார். அக்காவோடு போனில் பேச்சு உண்டு. நேரில் வர மட்டும் வருஷா வருஷம் ஒரு காரணம் குறுக்கே நின்றது. அன்றைக்கு வந்ததற்கும் ஒரு காரணம்தான். அக்காவின் மகள் போன் செய்திருந்தாள்: "மாமா, அம்மாவுக்கு மூச்சு விடவே முடியலை. உங்களையே கேக்கறா. உடனே வாங்க."

படகிலிருந்து இறங்கியதுமே ஒரு பெண் அவர் தலையில் ஓலைத் தொப்பியை வைத்தாள். இன்னொருவர் கேட்காமலே வெயில் களிம்பைப் பூச ஆரம்பித்தார். முன்னால் சுவருக்கு வெள்ளையடித்தவர் போலிருக்கிறது. மூக்கு, புருவம், காது மடல், எதையும் விடவில்லை. மூன்றாமவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க" என்றார் மெக்கானிக்.

"என்ன சார் உடம்புக்கு? வெயிலா?"

"எனக்கில்லை. எங்க அக்காவுக்கு. ரொம்ப முடியலை."

"அப்ப நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. வாங்க, வகுப்பு ஆரம்பிக்கப் போகுது."

ஒவ்வொரு விருந்தினருக்கும் ஓர் ஆலோசகர் துணைக்கு உண்டு. மெக்கானிக்குக்கு வாய்த்தவன் பெரிய பெரிய செம்பருத்தி அச்சடித்த சட்டை போட்டிருந்தான். பூச்சட்டை என்றே வைத்துக்கொள்வோம். நல்ல பையன், சிரிப்பதற்கென்றே பழக்கிய முகம்.

"தம்பி, நான் இங்கயே பொறந்தவன்பா. சந்தைக்குப் பின்னாடி தெருவுல."

"ரொம்ப சந்தோஷம் சார். வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, சொந்த ஊருக்கு வந்த மாதிரியே இருக்குன்னு."

"மாதிரி இல்லப்பா. சொந்த ஊரே இதுதான்."

"அவ்வளவு பிடிச்சுப்போச்சா சார்" என்று பூச்சட்டை நெகிழ்ந்துபோனான்.

விஷயம் கொஞ்ச நேரத்தில் தெளிவாயிற்று. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வந்தவர் விருந்தினர். விருந்தினர் என்றால் ஆலோசனை கேட்க வேண்டும், முதல் நாள் நிழலில் ஓய்வெடுக்க வேண்டும், மாலையில் அஸ்தமனம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே துறையைச் சுற்றிப் போட்ட வேலியைத் தாண்டலாம். இல்லை, நான் உள்ளூர்க்காரன்தான் என்று சாதித்தால் அதற்கும் வழி இருந்தது: மூத்த ரத்த சொந்தம் ஒருவர் படகுத்துறைக்கு நேரில் வந்து, இவன் எங்கள் பிள்ளை என்று சொல்ல வேண்டும்.

"மூத்த சொந்தம் எங்க அக்கா ஒருத்திதான்."

"அப்ப அவங்களையே வரச் சொல்லுங்க சார். ரெண்டு நிமிஷ வேலை."

"அவளால எந்திரிக்க முடியாதுப்பா. அதனாலதானே நான் வந்தேன்."

பூச்சட்டை யோசித்தான். "அவங்க வந்தாத்தான் நீங்க போகலாம், நீங்க போனாத்தான் அவங்க வரலாம். சிக்கல்தான் சார். வாங்க, தேங்காய் ஆரம்பிச்சுட்டாங்க."

தேங்காய் அதிகாரி இரும்புத் தொப்பி அணிந்து மேடையில் நின்றிருந்தார். தேங்காய் மேலிருந்து கீழாகத்தான் விழும் என்பதைப் படம் போட்டு விளக்கினார். கீழிருந்து மேலாக விழுந்ததாக இதுவரை தகவல் இல்லை. ஆனாலும் வாரியம் கண்காணித்துவருகிறது. அவரை அடுத்து வெயில் வந்தார். பருத்தி உடுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தாகம் எடுத்துப்போய்த் தண்ணீர் குடித்தார். கடைசியாக உள்ளூர் மக்கள் தொடர்பு அதிகாரி, நகைகள் பூண்ட ஓர் அம்மையார்.

"எங்க ஜனங்க ரொம்ப நல்லவங்க" என்று தொடங்கினார் அந்த அம்மையார். "அதனால கிட்டப் போகாதீங்க. தூரத்துலேர்ந்து பாத்துச் சிரிங்க. அவங்களும் சிரிப்பாங்க, அதுக்குச் சம்பளம் குடுக்கறோம். வீட்டுக்குக் கூப்பிட்டாப் போயிடாதீங்க. அவங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஒத்துக்காது. அவங்களுக்கு ஒத்துக்குது, பழகிட்டாங்க. நாங்களே கடைகள்ல விக்கற தண்ணிதான் குடிக்கறோம்."

அந்த வேளையில்தான் மெக்கானிக்கின் போன் அடித்தது. அக்காவின் மகள் போனைப் பிடித்துக்கொள்ள, பேசியது அக்காவே. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு மாடிப்படி ஏறி இறங்கிற்று.

"வந்துட்டியாடா?"

"வந்துட்டேன்க்கா. துறையிலதான் இருக்கேன்."

"அப்புறம் என்ன? துறைக்கும் இங்கயும் ஒரு பஸ்ஸு."

"வெயிலப் பத்திப் பாடம் எடுக்கறாங்கக்கா. முடிச்சாத்தான் விடுவாங்களாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அது சிரிப்பு என்று புரிந்தது. "உனக்கா? செருப்புகூட இல்லாம இந்த மணல்ல குதிச்சு ஆடினவனுக்கா? கருவாடு மாதிரி திரிஞ்சியேடா."

"நீ வந்து எங்க பிள்ளைன்னு சொன்னா விடுவாங்களாம்."

"வரட்டுமா? மூக்குல குழாய் இருக்கு, அதையும் இழுத்துக்கிட்டு வரணும். பரவால்லன்னா சொல்லு."

"கிண்டல் பண்ணாதக்கா."

"சாயங்காலம் ஆஸ்பத்திரியில ஆளை உள்ள விடுவாங்க. அதுக்குள்ள வந்துடு. முழிச்சிட்டு இருக்கேன்." போன் கை மாறுகிற சத்தம். அதற்குள் மறுபடி அக்காவே, தள்ளி நின்று பேசுகிற மாதிரி: "சாப்பிட்டானான்னு கேளுடி."

பக்கத்தில் இருந்த பூச்சட்டை தன் செம்பருத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியத்துக்கு மேல் எல்லாரையும் வேலிக்குள் ஒரு பந்தலின் கீழ் படுக்க வைத்தார்கள். புதிதாக வந்த உடம்பு வெயிலுக்குப் பழக வேண்டும் என்பதால் நிழலில் கிடந்து பழக்கினார்கள். மணி என்ன என்று தெரியவில்லை. பந்தலில் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. அதில் முள் இல்லை. 'இங்கே நேரத்தை மறந்துவிடுங்கள்' என்று அதன் கீழே அழகாக எழுதியிருந்தது. மெக்கானிக்கின் கைக்கடிகாரத்தை வாசலிலேயே பாசத்தோடு கழற்றி வாங்கி வைத்திருந்தார்கள். போனில் பார்க்கலாமே என்பீர்கள். ஓய்வு நேரத்தில் போன் ஓய்வெடுக்க ஒரு தனிக் கூடை இருந்தது.

அவர் எழுந்து வேலியை நோக்கி நடந்தார். யாரும் அவரை அதட்டவில்லை, தொடவில்லை. இரண்டு பேர் ஓடி வந்து ஈரத் துண்டைத் தோளில் போர்த்தி, கையில் குளிர்ந்த பானத்தைக் கொடுத்து, அதைக் குடிப்பதற்கு வசதியாக அவரைப் பாயில் உட்கார வைத்தார்கள். மறுபடி எழுந்தார். மறுபடி துண்டு, மறுபடி பானம். மூன்றாவது தடவை வயிறு முட்டிப்போய், துண்டுகளின் கனத்தில் எழுந்திருக்கவே முடியவில்லை. அன்பால் கட்டிப்போடுவது என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறோம். அங்கே அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

"தம்பி, உனக்கு அக்கா தங்கச்சி இருக்கா?" என்றார்.

"ஒரு அக்கா சார்."

"அவளுக்கு இப்படின்னா என்ன பண்ணுவ?"

பூச்சட்டை சிரித்தான். பழக்கிய முகம், வேறு எதற்கும் வராது. "லீவு கேப்பேன் சார். சீசன்ல தரமாட்டாங்க" என்றான். "அஸ்தமனத்துக்கு முன்னாடி யாரும் வெளிய போனா, அந்தந்த ஆலோசகரைத் துறைக்கு மாத்திடுவாங்க. கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடற வேலை. பாதிச் சம்பளம். எனக்கு ரெண்டு குழந்தைங்க சார்."

மெக்கானிக் அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் எல்லாரையும் வாரிய பஸ்ஸில் கடற்கரைக்கு அழைத்துப் போய் மேற்குப் பார்த்த நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். அஸ்தமனத்துக்கு ஓர் அதிகாரி இருக்கிறாரா என்று கேட்காதீர்கள், இருக்கிறார். ஒலிபெருக்கியில் பேசினார். இந்தத் தீவின் அஸ்தமனம் மற்ற ஊர் அஸ்தமனம் போன்றதல்ல, இங்கே சூரியன் முழுமையாக மறைகிறது என்றார். நாற்காலிகளுக்கு நேர் பின்னால், குரோட்டன்ஸ் புதர்களுக்கு அப்பால், கடல் நீல வண்ணம் பூசிய நீளக் கட்டடம் ஒன்று இருந்தது. பெயர்ப்பலகையைப் பெயர்த்துவிட்டு மீன் படங்கள் வரைந்திருந்தார்கள். அதுதான் ஆஸ்பத்திரி. விருந்தினர் மனம் வாடக் கூடாதென்று வாரியம் செய்த ஏற்பாடு. மெக்கானிக்குக்கு அது தெரியும். சின்ன வயதில் கை முறிந்து அதே கட்டடத்தில் கிடந்திருக்கிறார். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். உடனே ஒருவர் வந்து, சூரியன் அந்தப் பக்கம் சார் என்று சிரித்தபடி அவரை நாற்காலியோடு தூக்கித் திருப்பி வைத்தார்.

ஓய்வு முடிந்ததால் போன்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக்கின் போன் கைக்கு வரும்போதே அடித்துக்கொண்டிருந்தது.

"மாமா" என்றாள் அக்காவின் மகள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

சரியாக அந்த நேரத்தில் சூரியனின் கடைசி விளிம்பும் தண்ணீருக்குள் இறங்கியது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நல்ல கைதட்டல்; வெகு நேரம் ஓயவில்லை.

"என்ன மாமா சத்தம் அங்க?" என்றாள் அவள் அழுகைக்கு நடுவே.

அவர் போனை மார்போடு பொத்திக்கொண்டார். அழுகிற ஆண் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அஸ்தமன அதிகாரி ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்: "பாருங்க, ஒரு கெஸ்ட் கண் கலங்கிட்டாரு. எங்க அஸ்தமனம் அப்படி." மறுபடி கை தட்டினார்கள்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வாரியத் தலைவர் முன்னால் நின்றார். முதல் நாள் ஆலோசனை முடிந்துவிட்டதால் அவர் வேலி தாண்டத் தடையில்லை. தடை இப்போது சாவுக்குத்தான். விருந்தினர் துக்க வீட்டுக்குப் போகக் கூடாது.

தலைவர் நல்ல மனிதர். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வருத்தம் புரியுது சார். ஆனா நம்ம வாரியத்தோட கொள்கைன்னு ஒண்ணு இருக்கு. இந்தத் தீவுல யாரும் சாகறதில்லைன்னு நான் சொல்ல வரலை. கெஸ்ட் பாக்கறப்ப சாகறதில்லை, அவ்வளவுதான். ஜனங்க அருமையா ஒத்துழைக்கறாங்க. விடியறதுக்கு முந்தி எடுத்துடுவாங்க, இல்லைன்னா கெஸ்ட் சாப்பிடற நேரம். அழறதுன்னாக்கூட வீட்டுக்குள்ளதான் அழுவாங்க. எவ்வளவு பக்குவம் பாருங்க."

"எங்க அக்கா சார்."

"தெரியும் சார். என்னையே எடுத்துக்கங்க. எங்கம்மா போனது நல்ல சீசன்ல. சீசன் முடியட்டும், உக்காந்து அழுதுக்கலாம்னு வெச்சிருந்தேன். சீசன் முடிஞ்சு உக்காந்தேன். வரலை." தலைவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது போகட்டும். அது வேற விஷயம்."

பிறகு தலைவர் முகம் தெளிந்தது.

"ஒண்ணு பண்ணலாம். உள்ளூர் வாழ்க்கையைக் கெஸ்டுக்குக் காட்டலாம்னு ஒரு திட்டம் இருக்கு. அதுல இதைச் சேத்துடறேன். சாப்பாட்டு நேரத்துக்கு முந்தியே வெச்சுக்கட்டும். கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம். தொப்பி, களிம்பு கட்டாயம். உங்களுக்காக இதைக்கூடச் செய்யலைன்னா நான் என்ன மனுஷன்?"

அப்படித்தான் மெக்கானிக் தன் அக்காவின் அடக்கத்துக்குப் போனார். தனியாக அல்ல, திட்டத்தில் சேர்த்துவிட்டதால் மற்ற விருந்தினர்களும் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். கடலோரத்து மேட்டில் குழி வெட்டியிருந்தது. குழியைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்காவின் மகளும், அவள் புருஷனும், சலவைக்கூடத்தில் அக்காவோடு வேலை செய்த பெண்கள் சிலரும். அவர்களுடைய கைகள் எல்லாம் சோப்புத் தண்ணீரில் வெளுத்த கைகள். இந்தப் பக்கம் முகத்தில் வெள்ளை பூசிய தொப்பிக் கூட்டம். யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று மேலிருந்து பார்க்கிற எவனுக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

பூச்சட்டை விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு அது வேலை.

"இப்ப இவங்க காத்திட்டு இருக்காங்க" என்றான். "இறந்துபோனவங்களுக்கு ஒரு தம்பி. வெளிநாட்டுல இருக்காரு. அவர் வந்து முகத்தைப் பாத்தாத்தான் மூடுவாங்க."

"எப்ப வருவாரு?" என்று ஒரு விருந்தினர் அம்மாள் கேட்டாள். "ரொம்ப நேரம் ஆகுமா? வெயில் ஏறுதே."

பூச்சட்டை மெக்கானிக்கைப் பார்த்தான். முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பைத் தவிர ஏதோ ஒன்று வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் தவித்தது. பிறகு சடாரென்று குழிக்கு முதுகு காட்டிக் கடல் பக்கம் திரும்பினான்.

"எல்லாரும் கடலைப் பாருங்க" என்றான் உரத்த குரலில். "அதோ, அந்தப் பாறைக்குப் பக்கத்துல. தண்ணி நிறம் மாறுது பாருங்க. கண்ணை எடுக்காதீங்க. ரொம்ப அபூர்வம். இப்ப விட்டா எப்பவும் கிடைக்காது."

தொப்பிகள் எல்லாம் ஒன்றுபோல் கடல் பக்கம் திரும்பின. மெக்கானிக் குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தார்.

வெள்ளை முகமும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் தள்ளாடி வருவதைப் பார்த்ததும் அக்காவின் மகள் இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே வந்து நின்றாள்.

"ஐயா, அங்கயே நில்லுங்க" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். "போட்டோ வேணும்னா அங்கேர்ந்தே எடுத்துக்குங்க. கிட்ட வராதீங்க. எங்கம்மா அது."

"குட்டி" என்றார் அவர்.

அந்தப் பெயரில் அவளைக் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி அவளுக்குப் பின்னால் படுத்திருந்தாள். மகள் கையை நீட்டி அவருடைய கண்ணாடியைக் கழற்றினாள். களிம்பைத் தன் முந்தானையால் துடைத்தாள். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, அம்மாவின் அதே கன்னமேடு வந்தது. துடைத்து முடிக்கிறவரைக்கும் அழாமல் இருந்தவள், முடித்ததும் அந்த மார்பிலேயே ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"இங்கதானே இருந்தீங்க மாமா. நேத்திலேர்ந்து இங்கதானே இருந்தீங்க."

"ஆமாடி."

"கடைசிவரைக்கும் வாசலைத்தான் பாத்திட்டு இருந்தா. பஸ் சத்தம் கேக்கறப்பல்லாம் உன் மாமாவான்னு பாருடின்னா."

அவர் அவளை விலக்கிவிட்டு மண்ணில் மண்டியிட்டார். அக்காவின் முகம் சின்னதாகியிருந்தது. யாரோ தலையைப் படிய வாரிவிட்டிருந்தார்கள். வகிடு மட்டும் கொஞ்சம் கோணல். பின்னால் பூச்சட்டை கடலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். அலைக்கு இருந்த இரண்டு அதிகாரிகளும் சேர்ந்து சொல்லாத அளவுக்கு அலையைப் பற்றிச் சொன்னான். மூச்சு விடாமல், ஒரு முறைகூடத் திரும்பாமல் சொன்னான்.

"வந்துட்டேன்க்கா" என்றார் மெக்கானிக்.

தம்பி என்ன சொன்னாலும் உடனே ஒரு பதில் வைத்திருக்கிறவள் அவள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்.